தும்பாங் கேட்ட கூரைத் தண்ணீர்

மழை வந்தால் நான் வானத்தைப் பார்ப்பதில்லை. கூரையின் விளிம்பைப் பார்ப்பேன். தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்தது எந்தப் பக்கம் ஓடுகிறது, கடைசியில் யார் வாசலில் போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். "மாமா மழைய அளக்கிறாரு" என்று என் மருமகள் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஏன் பார்க்கிறேன் என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி விஷயம் இல்லை அது.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்மரக் காட்டுக்குள் மாடு மேய்த்து வளர்ந்தேன். ஜப்பான்காரன் போன பிறகு இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பேராங்கில் ஒரு துண்டு நிலத்தில் வாடகைக்கு உட்கார்ந்தேன். ஓட்டிக்கொண்டு என்றால் நடந்துதான். இரண்டு நாள் நடை. ஒரு மாடு வழியில் கன்று போட்டது. ஒரு மலாய்க்கார வீட்டு வாசலில்தான் போட்டது. அவர்கள் சுடுதண்ணீர் கொடுத்து, சாக்கு கொடுத்து, கன்று எழுந்து நிற்கிற வரைக்கும் எங்களைப் போக விடவில்லை. அந்தக் கன்று பின்னாளில் நல்ல கறவை ஆனது. அதன் பேத்திகளில் இரண்டுக்காகத்தான் நான் இந்தக் காரியத்தைச் செய்தேன். அதனால்தான் அதைச் சொன்னேன்.

நான் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கம்போங் செட்டி, செட்டிகள் குடியிருப்பு. என் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டி வீடு. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இவர்கள் வட்டிக்கடைச் செட்டியார்கள் இல்லை. அந்தக் காலத்து மலாக்கா ராஜா நாளிலேயே கப்பலில் வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே வேர் விட்டவர்கள். சாமி நம் சாமி, திருநீறு நம் திருநீறு, வாசலில் மாவிலைத் தோரணம். பேச்சு மட்டும் மலாய். பெண்கள் கெபாயா என்கிற மலாய்ச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். வந்த புதிதில் நான் என் பெண்டாட்டியிடம், "மாரியம்மாவுக்கு மலாயு தெரியுமாம்டி, புதுசா கத்துக்கிட்டாளாம்" என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

அந்த வீட்டுக்காரர் கவர்ன்மெண்டு ஆபிசில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை மாமா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். அவர் வாயில் மிச்சமிருந்த தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. மாடு வைத்துக்கொள்ள வருஷா வருஷம் ஒரு பாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு எழுத வராது. நான் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டுவேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாட்டுக்கு வயசு என்ன, நிறம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். "பெயர் கேட்கவில்லையே, பாவம் மாடு" என்பார். எழுதி முடித்ததும் என் கட்டை விரலை மையில் அவரே பிடித்து அழுத்துவார். அவர் பேசியதெல்லாம் மலாய்தான். என் காதில் அது தமிழாகவே தங்கிப்போய்விட்டது. அதனால் இதை எழுதிக் கொடுப்பவரிடமும் தமிழிலேயே எழுதச் சொல்கிறேன்.

மெர்டேக்கா வந்த வருஷம் எனக்கு நாலு கறவை, இரண்டு கிடேரி. பழைய கொட்டகை அத்தாப்பு ஓலைக் கூரை போட்டது. நாலு மாடுதான் கட்டலாம். கிடேரி இரண்டும் கொய்யா மரத்தடியில் நனைந்துகொண்டு நின்றன. ஒன்றுக்கு இருமல் பிடித்தது. மனுஷன் இருமுகிற மாதிரியே இருமும். என் பெண்டாட்டிக்கு அதைக் கேட்டால் சோறு இறங்காது.

"ஊருக்கே சொதந்திரம் வந்துருச்சு, அதுங்களுக்கு ஒரு கூரை வரலையா?" என்று கேட்டாள்.

கொட்டகையை நீட்டுவது என்று முடிவு செய்தேன். எந்தப் பக்கம் நீட்டுவது என்பதில்தான் என் புத்தி கோணியது. கிழக்கே என் பக்கம். அங்கே வைக்கோல் போர், கிணற்றடி, குசினி. நீட்டினால் வைக்கோல் போரை மாற்ற வேண்டும், அவள் பாத்திரம் தேய்க்கிற இடம் போய்விடும். மேற்கே செட்டி வீட்டு வேலி. கொட்டகைக்கும் வேலிக்கும் நடுவில் மூன்று அடி இடம். அதில் ரோட்டுப் பக்கம் ஆழமாக வெட்டின ஒரு மண் வாய்க்கால். கூரைத் தண்ணீரும் மாட்டு மூத்திரமும் அதில் இறங்கி, ரோட்டோரச் சாக்கடையான லோங்காங்குக்குப் போய்விடும். அந்த மூன்று அடியையும் எடுத்துக்கொண்டால், வேலியோடு தூண் நட்டு இரண்டு கிடேரியைக் கட்டிவிடலாம். வாய்க்கால்? மூட வேண்டியதுதான். தண்ணீர்? அதை அப்போது நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் போகட்டும் என்று யோசித்தேன்.

புக்கிட் காதில் என்கிற ஊர்ப் பக்கமிருந்து சைக்கிளில் ஒரு சீனத் தச்சர் வருவார். ரம்பத்தைச் சாக்கில் சுற்றி சைக்கிள் பாரில் கட்டியிருப்பார். தூண் நட்டு, சட்டம் அடித்து, தகரத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தார். பழைய கூரையின் சரிவு அப்படியே இறங்கி வந்து, தகரத்தின் நுனி வேலியைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது.

"இனி ஆயர் மானா பிகி?" என்றார். இந்தத் தண்ணி எங்கே போகும் என்று கேட்டார்.

"அப்படியே போவும்."

"அப்படியேன்னா எங்க?"

அவர் ஏணியிலிருந்து இறங்கி, வாயில் வைத்திருந்த ஆணிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அத்தாப்புன்னா தண்ணி சொட்டும். தகரம்னா தண்ணி பாயும். கூரை பெருசானா தண்ணியும் பெருசு. அந்த வீட்டுக்காரரைக் கேட்டியா? கேட்டுட்டு வா. அப்பத்தான் நான் அடிப்பேன்" என்றார். அப்புறம் என் கிடேரியைப் பார்த்து, "நுனி ரொம்பத் தாழ்வு. தலை இடிக்கும்" என்றார்.

"கிடேரிதானே, குனிஞ்சு நிக்கும்" என்றேன்.

"ஏன், உன் மாடு வளராதா?" என்று கேட்டுவிட்டு அவர் தேநீரைக் குடித்தார்.

இங்கேதான் அந்த வார்த்தை வருகிறது. தும்பாங். இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சைக்கிளில் பின்னால் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டால் தும்பாங். மழைக்கு ஒதுங்கலாமா, தம்பியை நாலு நாள் உங்கள் வீட்டில் தங்க வைக்கலாமா, எல்லாம் தும்பாங்தான். அடுத்தவர் இடத்தில் கொஞ்ச நேரம் ஒண்டிக்கொள்கிறேன், தொந்தரவு இல்லாமல் போய்விடுவேன் என்று அர்த்தம். அந்த வார்த்தையைப் போட்டுக் கேட்டால் மரியாதை உள்ளவன் எவனும் இல்லை என்று சொல்ல மாட்டான். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு போனேன். கையில் ஒரு போத்தல் பாலும் இருந்தது.

மாமா கைலி கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, என் கூரைத் தண்ணி கொஞ்ச நாளைக்கு உங்க பக்கமா தும்பாங் போகலாமா? கூரை ஓரத்துல தண்ணி புடிக்கிற பீலி கட்டுற வரைக்கும்தான்."

அவர் சிரித்தார். "தண்ணி தும்பாங் கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. மழைத் தண்ணிதானே தம்பி, போகட்டும் போகட்டும். பீலி கட்டினதும் கூட்டிக்கிட்டுப் போயிரு."

மாமி உள்ளேயிருந்து வந்து பால் போத்தலை வாங்கிக்கொண்டார். வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

திரும்பி வந்து தச்சரிடம் "கேட்டாச்சு, சரின்னுட்டாரு" என்றேன். ஆணி அடிக்கிற சத்தம் சாயங்காலம் வரை கேட்டது. கிடேரி இரண்டும் அன்றைக்குக் காய்ந்த தரையில் படுத்தன. தகரத்தின் மேல் மழை விழுந்தபோது பெரிய மாடுகள் நாலும் மிரண்டு கயிற்றை இழுத்தன. அவை அத்தாப்பு மாடுகள், தகரச் சத்தம் கேட்டதில்லை. நான் உள்ளே நின்று ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவிக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். தண்ணீர் எங்கே விழுகிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் குழி. தகரத்துக்கு எத்தனை மடிப்போ அத்தனை குழி. அங்கேதான் மாமி பாண்டான், வெற்றிலைக் கொடி, புங்கா காந்தான் பூச்செடி எல்லாம் சட்டியில் வைத்திருந்தார். ஒரு வாரத்தில் வெற்றிலைக் கொடி அழுகியது. மாமி சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வீட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார். நான் பால் கறந்துகொண்டே பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கனமான சட்டிகள். போய்த் தூக்கிக் கொடுத்திருக்கலாம். போனால் பீலி பற்றிப் பேச வேண்டி வரும்.

மாமா மட்டும் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "தம்பி, உன் விருந்தாளி எப்பக் கெளம்புவாரு?" என்பார்.

"அடுத்த வாரம் மாமா."

"பாய் விரிச்சுப் படுத்துட்டாரு போலிருக்கே!"

இரண்டு பேரும் சிரிப்போம். அவர் சிரிப்பு உள்ளிருந்து வரும். என் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் பீலி கட்டினேன். தச்சரைக் கூப்பிடவில்லை. மண்ணெண்ணெய் டின்களை வெட்டி விரித்து, தொட்டில் மாதிரி மடித்து, ஒன்றோடு ஒன்று செருகிக் கம்பியால் தொங்கவிட்டேன். தண்ணீர் என் வாசலுக்கு வர வேண்டும், அங்கேயிருந்து லோங்காங்குக்குப் போக வேண்டும். அதற்கு வாசல் பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்து இருக்க வேண்டும். நான் வேலியையே மட்டக்கோலாக வைத்துக்கொண்டு, அதற்கு மேலே வாசல் பக்கம் இரண்டு விரல் தாழ்த்திக் கட்டினேன். வேலியே பின்பக்கமாகச் சரிந்து கிடந்தது. தரை அப்படி, அதனால் வேலியும் அப்படி. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

மழை வந்ததும் தண்ணீர் முழுக்கப் பின்பக்கமாக ஓடியது. முன்னே குழி குழியாகச் சிதறி விழுந்த தண்ணீர், இப்போது ஒரே இடத்தில் குழாய் திறந்த மாதிரி கொட்டியது. சரியாக அவர்கள் வீட்டு நடுக்கூடத்தின் பக்கவாட்டுக் கதவுக்கு எதிரே. அதுவும் சும்மா தண்ணீர் இல்லை. வாய்க்காலை மூடிவிட்டேன் அல்லவா. புதுக் கொட்டகையின் சாணித் தண்ணீர் வேலியடியில் கசிந்து அதோடு சேர்ந்துகொள்ளும்.

இதற்கு நடுவில் நான் இன்னொன்றும் செய்தேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நேற்று முழுக்க நினைத்தேன். அவர்கள் மாமரத்தின் ஒரு கிளை என் தகரத்துக்கு மேல் நிழல் கொடுத்தது. இலை உதிர்ந்து பீலியில் அடைத்தது. நான் மாமாவிடம், "உங்க மரத்து இலைதான் மாமா அடைக்குது. இல்லேன்னா தண்ணி ஒழுங்கா வந்துரும்" என்றேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஏணி வைத்து அந்தக் கிளையை வெட்டிக்கொண்டிருந்தார், அறுபது வயசுக்காரர். மாம்பழக் காலத்தில் அந்தக் கிளைப் பழத்தைத்தான் முன்னோருக்கு வைப்பார்களாம். என் பெண்டாட்டிதான் மாமியிடம் கேட்டு வந்து சொன்னாள். "நம்ம பீலி வாட்டம் தப்புங்க. அவரு மரத்த ஏன் வெட்ட விட்டீங்க?" என்றாள்.

"பொங்கலுக்கு அப்புறம் சரி பண்றேன்" என்றேன்.

தை பிறக்கும்போது மழை ஓய்ந்துவிடும் என்பது என் கணக்கு. அந்த வருஷம் ஓயவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் செட்டி வீடுகளில் பார்ச்சு. முன்னோருக்குப் படையல். நடுக்கூடத்தில் வாழை இலைகளை வரிசையாகப் போட்டு, செத்துப்போனவர்கள் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து வைப்பார்கள். விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே அவர்கள் வந்து சாப்பிடுவார்கள். அதுவரைக்கும் சத்தம் போடாமல் வாசலில் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மூத்தவர் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார். நம் வீட்டிலும் படைப்பது உண்டுதான். ஆனால் அவர்கள் நிற்கிற மாதிரி யாரும் நின்று நான் பார்த்ததில்லை. உள்ளே நிஜமாகவே ஆள் இருக்கிற மாதிரி நிற்பார்கள்.

அன்றைக்கு அவர்களுக்குக் கூடுதலாகப் பால் வேண்டும் என்று மாமி சொல்லியிருந்தார். நான் தூக்குப் பாத்திரத்தோடு போனபோது கதவு அப்போதுதான் சாத்தியிருந்தது. மாமா, மாமி, வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் முன்வாசல் கூரைக்கடியில் நின்றிருந்தார்கள். எல்லாரும் கதவைப் பார்த்தபடி. நானும் அந்தக் கூரைக்கடியிலேயே பின்னால் ஓரமாக, பக்கச் சந்து தெரிகிற இடத்தில் ஒதுங்கினேன். நான் வந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மழை பிடித்தது. தூறலாகக்கூட ஆரம்பிக்கவில்லை. ஒரேயடியாகக் கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. பீலியிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம். எனக்கு அதைத் தனியாகப் பிரித்துக் கேட்கத் தெரியும். நான் தலையைச் சாய்த்துச் சந்தைப் பார்த்தேன். தண்ணீர் குவிந்து, வைக்கோலும் சாணியுமாகச் சுழன்று, பக்கவாட்டுக் கதவின் அடியில் நுழைந்துகொண்டிருந்தது. ஒரு வைக்கோல் கற்றை கதவடியில் கொஞ்சம் தயங்கி நின்றது. அப்புறம் உள்ளே போய்விட்டது.

உள்ளே இலைகள் தரையில் இருக்கின்றன. எனக்குத் தெரியும்.

பீலி ஒரு கம்பியில்தான் தொங்கியது. சந்துக்குள் ஆறேழு எட்டு வைத்துப் போய் அந்தக் கம்பியை ஒரு இழுப்பு இழுத்தால் எல்லாம் கீழே விழுந்து, தண்ணீர் சிதறி, வேகம் குறைந்திருக்கும். இல்லை என்றால் மாமா தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நின்றேன். முன்னோர் சாப்பிடுகிற நேரத்தில் சத்தம் போடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதையாம். அது மரியாதை இல்லை. அத்தனை பேருக்கும் முன்னால் என் தண்ணீர் என்று தெரிந்துவிடுமே என்ற பயம். எப்படியும் தெரியத்தான் போகிறது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருந்தால் போதும் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றும் பாருங்கள், அப்படித் தோன்றியது. ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் இருக்கும். அவ்வளவு நேரமும் நான் தூக்குப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாமா கதவை மூன்று தட்டு தட்டித் திறந்தார்.

கூடம் முழுக்கக் கணுக்கால் நனைகிற தண்ணீர். பழுப்பு நிறம். ஓரத்து இலைகள் மிதந்துகொண்டு சுவரோடு போய் ஒட்டியிருந்தன. சோற்றின் மேல் வைக்கோல். ஒரு விளக்கு அணைந்திருந்தது. சாம்பிராணி வாசனையோடு சாணி வாசனை.

"ஆயர் கண்டாங்!" என்று ஒரு கிழவி சொன்னாள். மாட்டுக் கொட்டகைத் தண்ணீர். யாரோ மூக்கை மூடிக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மாமா மட்டும் பார்க்கவில்லை. கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மிதந்த ஒரு இலையைக் குனிந்து இரண்டு கையாலும் எடுத்தார். அது அவர் தகப்பனாருக்குப் போட்ட இலை என்று பின்னால் தெரிந்தது. அப்படியே நின்று சொன்னார்:

"ஆயர் பூன் தும்பாங் மாக்கான்."

தண்ணியும் தும்பாங் சாப்பிட வந்துருச்சு. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். பதற்றம் குறையட்டும் என்றுதான் அவர் சொன்னார், அது எனக்குத் தெரியும். என் பெண்டாட்டி என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அந்தளவுக்கு உறைத்திருக்காது.

மாமி என்னிடம் வந்தார். கெபாயா ஓரம் நனைந்திருந்தது. பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டே கேட்டார். "தம்பி எப்ப வந்த?"

"இப்பத்தான் மாமி. இப்பத்தான் வந்தேன்."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். தோளைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். "ம்" என்றார். பாத்திரத்தை உள்ளே கொண்டுபோனார்.

நான் கொட்டுகிற மழையில் சந்துக்குள் ஓடி, பீலியைப் பிடித்து இழுத்துப் போட்டேன். கம்பி கையைக் கிழித்தது. அப்புறம் கூடத்துக்கு வந்து தண்ணீரை அள்ளினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. தரையைக் கழுவி, புது இலை அறுத்து வந்து, சட்டியில் மிச்சமிருந்ததை வைத்து, இரண்டாவது தடவை படைத்தார்கள். அந்த நேரத்தில் நான் அங்கே இருக்கக் கூடாது என்று எனக்கே தெரிந்தது. வேலியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் பொங்கல், அதற்கடுத்த நாள் மாட்டுப் பொங்கல். ஊரெல்லாம் மாட்டுக்குக் கொம்பு தீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் காதில் போய்த் தச்சரைக் கூட்டி வந்தேன்.

"நீட்டணுமா இன்னும்?" என்றார்.

"வெட்டணும்."

தச்சர் வேலியைப் பார்த்தார், கீழே கிடந்த டின் பீலியைப் பார்த்தார். அதைக் காலால் புரட்டிவிட்டு, "இது யாரு கட்டினது?" என்றார். நான் குனிந்து டின்னை எடுத்து ஓரமாகப் போட்டேன். "வேலியைப் பார்த்துக் கட்டியிருக்கே. தண்ணிக்கு வேலி தெரியாதுலா, பள்ளம்தான் தெரியும்" என்றார்.

தகரத்தை நாலு அடி பின்னுக்கு வெட்டினோம். தூண்களைப் பிடுங்கினோம். மூடிய வாய்க்காலை நானே மண்வெட்டி பிடித்துத் திறந்து, லோங்காங் வரைக்கும் கொண்டுபோனேன். இந்தத் தடவை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கிடேரி இரண்டுக்கும் இடம் இல்லாமல் போனது. ஒன்றைக் கொய்யா மரத்தடியில் ஒரு சின்னத் தட்டியில் வைத்தேன். இருமுகிற கிடேரியைத் தோட்டத்தில் என் மச்சானிடம் ஓட்டி விட்டேன். என் பெண்டாட்டி ரோடு வரைக்கும் அதன் கூடவே நடந்தாள்.

வேலை நடக்கும்போது மாமா வேலியோரம் வந்து நின்று பார்த்தார். "விருந்தாளி கெளம்பிட்டாரா?" என்றார், எப்போதும் கேட்கிற அதே குரலில். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிச்சுருங்க மாமா என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஜாக்கிரதை தம்பி, தகரம் கையை அறுக்கும்" என்றார். அடுத்த வருஷமும் என் பாரத்தை அவர்தான் எழுதினார். ஒரு மாடு குறைத்து எழுதும்போது ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் தும்பாங் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. யாராவது என் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொள்ளக் கேட்டால் ஏற்றிக்கொள்வேன். நான் யாரிடமும் கேட்க மாட்டேன். நடந்துவிடுவேன்.

ரொம்ப வருஷம் கழித்து மாமா காலமானார். அடுத்த பார்ச்சுக்கு மாமி வழக்கம்போல் பால் கேட்டார். நான் கொண்டுபோனேன். இலைகளோடு இன்னொரு இலை கூடியிருந்தது. அதில் மீன் சம்பாலும், அவர் விரும்பிக் குடிக்கிற கறுப்புக் காப்பியும் வைத்திருந்தார்கள். மாமி விளக்குத் திரியைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார். எனக்கு என்ன வந்ததோ, சொல்லிவிட்டேன்.

"மாமி, அன்னைக்கு நான் மழைக்கு முன்னாடியே வந்துட்டேன்."

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

"தெரியும். பாஜு கெரிங்" என்றார்.

சட்டை காய்ந்திருந்தது. அப்படிக் கொட்டுகிற மழையில் இப்போதுதான் வந்தேன் என்று சொன்னவனுடைய சட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இத்தனை வருஷமும் எனக்கு அது தோன்றவே இல்லை.

"நீ வந்து நின்னப்பவே மாமாவும் ஓரக்கண்ணால பார்த்துட்டாரு. யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. சொன்னா அப்புறம் தம்பி நம்ம வீட்டுக்கு வரமாட்டான்னாரு" என்றார் மாமி.

அப்புறம் கதவைச் சாத்தினார். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். மாமி தன் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் போய் நின்றேன்.

அன்றைக்கு மழை இல்லை. நல்ல வெயில். கதவுக்கு உள்ளே மாமா உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம். மற்றவர்கள் எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பக்கச் சந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரை காய்ந்துதான் கிடந்தது. என்றாலும் என்னால் தலையைத் திருப்பி அந்தக் கதவைப் பார்க்க முடியவில்லை.